வண்டின் இரைச்சல் நிற்கிறது, நேற்றுப் படித்த பாடம் நிற்பதில்லை

வன்னியில் பல வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு முறைப்பாடுகளைக் கேட்கலாம். உயர்தரம் படிக்கும் பிள்ளை "எவ்வளவு படிச்சாலும் நிக்குதில்லை" என்கிறது. தாயோ அம்மம்மாவோ "என்ன செய்தாலும் மறக்கேலாமல் கிடக்கு" என்கிறார். முதலாவதைக் கவனக்குறைவு என்றும் இரண்டாவதை மனப்பலவீனம் என்றும் சொல்லிவிட்டு நாங்கள் கடந்துபோகிறோம். இரண்டு தீர்ப்புகளும் பிழை. இரண்டும் மூளைக்குள் ஒரே வகையான இடங்களில், நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் நுண்ணிய இணைப்புகளில், ஏறத்தாழ ஒரே இரசாயனத்தால் நடப்பவை. அந்த இரசாயனத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பிள்ளையைத் திட்டவும் மனம் வராது, தாயிடம் "அதையெல்லாம் மறவுங்கோ" என்று சொல்லவும் வாய் வராது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. ஒவ்வொரு கலமும் ஆயிரக்கணக்கான மற்றக் கலங்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. அந்தத் தொடர்பு நடக்கும் இடத்தை நரம்பிணைப்பு என்கிறோம். பெயரில் இணைப்பு என்று இருந்தாலும் கலங்கள் அங்கே தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் சுமார் 20 நனோமீற்றர் இடைவெளி, அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கலத்தின் நுனிக்கு மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் அங்கிருந்து ஓர் இரசாயனம் இடைவெளிக்குள் கொட்டுகிறது. அடுத்த கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் அதைப் பிடிக்கின்றன. போதிய அளவு பிடிபட்டால் அடுத்த கலமும் துடிக்கும்; போதாவிட்டால் செய்தி அங்கேயே அடங்கிவிடும்.

இந்த இணைப்புகள் பலப்படுவதுதான் கற்றல் என்ற எண்ணம் பழையது. ஸ்பானிய விஞ்ஞானி சந்தியாகோ ராமோன் இ கஹால் 1894இல் லண்டனில் ஆற்றிய உரையிலேயே இதைச் சொல்லியிருந்தார். கனடாவின் உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் அதை ஒரு விதியாக எழுதினார்: ஒரு கலம் இன்னொரு கலத்தைத் துடிக்கவைப்பதில் திரும்பத் திரும்பப் பங்கெடுத்தால், அந்த இரண்டுக்கும் இடையில் ஏதோ ஒரு மாற்றம் நடந்து முதற்கலத்தின் செல்வாக்குக் கூடும். "ஏதோ ஒரு மாற்றம்" என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர் அப்போது எவரும் இல்லை.

பார்த்தது ஒஸ்லோவில். 1966இல் தெர்யே லோமோ என்ற இளம் ஆய்வாளர் மயக்க நிலையிலுள்ள முயல்களின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில் மின்தூண்டல்களைக் கொடுத்துப் பதில்களை அளந்துகொண்டிருந்தார். சில வினாடிகளுக்கு வேகமாகத் தூண்டிவிட்டுப் பிறகு வழமையான ஒற்றைத் தூண்டலைக் கொடுத்தபோது பதில் முன்னையதைவிடப் பெரிதாக வந்தது. அது உடனே அடங்கவும் இல்லை. பின்னர் திமோதி பிளிஸ் அவரோடு சேர்ந்தார். இருவரும் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், அந்த மாற்றம் அரை மணிநேரம் முதல் பத்து மணிநேரம் வரை நீடித்ததாகக் காட்டினார்கள். இன்று இதை நீண்டகால வலுவூட்டல் என்கிறோம். சில வினாடி அனுபவம் பல மணிநேரத் தடத்தை விட்டுச் செல்ல முடியும் என்பதற்கு மூளைக்குள் இருந்து கிடைத்த முதல் நேரடிச் சாட்சி அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதுதான், என்னைக் கேட்டால், இந்த விடயத்தின் மிக அழகான பகுதி. இடைவெளிக்குள் கொட்டும் இரசாயனம் பெரும்பாலும் குளுற்றமேற்று. அதைப் பிடிக்கும் வாங்கிகளில் இரண்டு வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று அம்பா வாங்கி. அது குளுற்றமேற்று வந்ததும் உடனே திறந்து சோடியத்தை உள்ளே விடும். அன்றாடச் செய்திப் பரிமாற்றம் அதன் வேலை. மற்றது என்.எம்.டி.ஏ. வாங்கி. குளுற்றமேற்று வந்து ஒட்டினாலும் இது வழிவிடாது, ஏனென்றால் அதன் வாயில் ஒரு மகனீசியம் அயன் அடைத்துக்கொண்டு நிற்கிறது. வாங்கும் கலம் ஏற்கெனவே போதியளவு துடிப்பில் இருந்து அதன் உள்மின்னழுத்தம் மாறினால்தான் அந்த மகனீசியம் தள்ளப்பட்டு வெளியேறும். இரணைமடுவில் தண்ணீர் நிரம்பியிருந்தால் மட்டும் சிறுபோகத்துக்குத் துருசு திறக்காது. கூட்டத்தில் முடிவெடுத்தால் மட்டும் வாய்க்காலில் தண்ணீர் வராது. குளத்தில் தண்ணீரும் வேண்டும், முடிவும் வேண்டும். இந்த வாங்கியும் அப்படித்தான். அனுப்பும் கலமும் வாங்கும் கலமும் ஒரே நேரத்தில் விழிப்பாக இருந்தால் மட்டுமே திறக்கும். ஹெப் 1949இல் ஊகித்த விதி, ஒரு மூலக்கூறின் வாயில் நிற்கும் ஒரேயொரு அயனாக வந்து நிற்கிறது.

திறந்ததும் உள்ளே பாய்வது கல்சியம். அது காம்-கைனேஸ் என்ற நொதியை எழுப்புகிறது. இந்த நொதிக்கு ஒரு விசேட குணம் உண்டு: கல்சியம் குறைந்த பிறகும் தன் பாகங்களைத் தானே செயற்படுத்திக் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். அதன் வேலையால் புதிய அம்பா வாங்கிகள் இணைப்பின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. அதே அளவு குளுற்றமேற்றுக்கு இப்போது கூடுதலான பதில் கிடைக்கும். வாங்கும் பக்கத்திலுள்ள சிறு முள் போன்ற முனையும் பருக்கிறது. கல்சியம் குறைந்த அளவில் மெதுவாகக் கசிந்தால் இதற்கு எதிரானது நடக்கும்: அம்பா வாங்கிகள் உள்ளே இழுக்கப்பட்டு இணைப்பு மெலியும். மூளைக்கு இரண்டுமே தேவை. எல்லா இணைப்புகளும் பலப்பட்டுக்கொண்டே போனால் எதையும் எதிலிருந்தும் பிரித்தறிய முடியாது.

கிரகாம் கொலிங்கிறிட்ஜ் 1983இல் இந்த வாங்கியை மருந்தால் அடைத்தபோது வலுவூட்டல் நடக்கவில்லை. றிச்சர்ட் மொறிஸ் 1986இல் அதே வகை மருந்தை எலிகளின் மூளைக்குள் செலுத்தி, கலங்கிய நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேட விட்டார். அவை அந்த இடத்தை நன்றாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மூலக்கூறுக்கும் ஒரு விலங்கின் நினைவுக்கும் இடையிலான கோடு அங்கே வரையப்பட்டது.

ஆனால் வாங்கிகளை இடம்மாற்றுவது மணிக்கணக்குக்குத்தான் போதும். ஆண்டுக்கணக்கில் நிற்கும் நினைவுக்குப் புதிய புரதம் வேண்டும், கட்டுமானமே மாறவேண்டும். இதைத் தெளிவாகக் காட்டியவர் எரிக் கண்டல். அவர் தேர்ந்தெடுத்தது சுமார் 20,000 நரம்புக்கலங்கள் மட்டுமே கொண்ட அப்ளிசியா என்ற கடல் நத்தையை. அதன் வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால் சில நிமிடங்களுக்குப் பயந்து செவுளை வேகமாக உள்ளிழுக்கும், பிறகு வழமைக்குத் திரும்பும். இடைவெளி விட்டுப் பல தடவை கொடுத்தால் அந்தப் பயம் நாட்கணக்கில் நிற்கும். அப்போது கலத்தின் கரு வரைக்கும் செய்தி போய், கிரெப் என்ற புரதம் சில மரபணுக்களை இயக்கிவிடுகிறது. புதிய புரதங்கள் உருவாகி இணைப்புகளுக்கு வந்து சேர்கின்றன. பயிற்சி பெற்ற நத்தைகளில் அந்த உணர்நரம்புக் கலங்களின் இணைப்பு முனைகள் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தன. நீண்டகால நினைவு என்பது உடலில் நடந்த வளர்ச்சி. 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கண்டலின் வாழ்க்கையை வன்னி வாசகர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். அவர் 1929இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938 நவம்பரில், ஒன்பதாவது பிறந்தநாள் கழிந்து இரண்டு நாட்களில், நாசிப் பொலிசார் கதவைத் தட்டிக் குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். சில நாட்களுக்குப் பிறகு திரும்பி வந்தபோது பெறுமதியான பொருட்களோடு, பிறந்தநாளுக்குக் கிடைத்த நீலநிற விளையாட்டுக் காரும் போயிருந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவுக்குத் தப்பிப்போன அந்தச் சிறுவனுக்கு வயதான பிறகும் அந்தக் கதவுத் தட்டல் மறக்கவில்லை. வியன்னாவின் அந்தக் கடைசி வருடம்தான் தன்னை நினைவு பற்றிய ஆய்வை நோக்கித் திருப்பியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இனிப் பிள்ளையின் முறைப்பாட்டுக்கு வருவோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தரப் பிள்ளைகள் பலருடைய நாள் விடியமுன்னம் ரியூசனோடு தொடங்குகிறது, பிறகு பாடசாலை, பிறகு இரவுவரை மறுபடி ரியூசன். நித்திரையைக் குறைத்தால் பெறுபேறு கூடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள், ஆசிரியர்கள் சிலரும் நம்புகிறார்கள். இணைப்புகள் பலப்படும் விதத்தைப் பார்த்தால் இதைவிடப் பாதகமான ஏற்பாடு கிடையாது.

முதலில் இடைவெளி. ஒரே பாடத்தை ஒரே மூச்சில் பத்துத் தடவை வாசிப்பதைவிட நாட்களுக்குப் பிரித்து வாசிப்பது நல்லது என்பதை ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டியிருந்தார். கலங்களின் மட்டத்தில் அதற்கு இப்போது ஒரு காரணமும் தெரிகிறது. எலிகளின் ஹிப்போகாம்பஸ் துண்டுகளில் ஒரு தூண்டலுக்குப் பிறகு சில நிமிடங்களிலேயே அடுத்ததைக் கொடுத்தால் பயன் கூடுவதில்லை. சுமார் ஒரு மணிநேரம் விட்டுக் கொடுத்தால், முதல் தடவை தவறிப்போன இணைப்புகளும் சேர்ந்து பலப்படுகின்றன. நத்தையின் வாலுக்குப் பொருந்தியதும் இதே விதிதான்.

அடுத்தது, நோட்ஸைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நினைவாகாது. மூடிவைத்துவிட்டு மனதிலிருந்து வெளியே எடுக்க முயல்வதுதான் இணைப்பை வேலை வாங்கும். ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியை மீண்டும் வாசித்தார்கள், மற்றவர்கள் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம், மற்றவர்களுக்கு 42 வீதம் நினைவில் இருந்தது. வாசித்து முடித்ததும் வரும் "எனக்குத் தெரியும்" என்ற திருப்தி நம்பத்தகுந்ததில்லை. பழைய வினாத்தாள்களைப் புத்தகம் பார்க்காமல் செய்யச் சொல்லும் ஆசிரியர் மூளையின் பக்கத்தில் நிற்கிறார்.

நித்திரை இந்த மூன்றில் கடைசி, ஆனால் நான் முதலாவதாக வைப்பேன். வில்சனும் மக்னோட்டனும் 1994இல் எலிகளின் ஹிப்போகாம்பஸில் ஒன்றைக் கண்டார்கள்: பகலில் ஓர் இடத்தைச் சுற்றியபோது சேர்ந்து துடித்த கலங்கள் பின்னர் நித்திரையிலும் சேர்ந்து துடித்தன. பகலில் கற்றது இரவில் மீட்டப்படுகிறது. அந்த மீட்டலின்போதே நினைவு படிப்படியாக மூளையின் வெளிப்படையான புறணிக்குக் கைமாறுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான்கு மணிநேரம் மட்டும் படுத்து எழும்பும் பிள்ளை கற்பதற்காக விழித்திருந்து, கற்றதைச் சேமிக்கும் நேரத்தை இழக்கிறது.

தாயின் முறைப்பாட்டில் இதே விதிகள் எதிர்த்திசையில் வேலை செய்திருக்கின்றன. உளவு விமானத்தை வன்னிச் சனம் வண்டு என்று அழைத்தது. வண்டு தலைக்கு மேல் சுற்றினால் பின்னால் செல்லோ, குண்டு வீசும் கிபிர் விமானமோ வரும் என்பதை ஒருவரும் படிப்பிக்கவில்லை. பங்கருக்குள் இருந்து உடம்பு கற்றுக்கொண்டது. ஒலியின் பாதை, பயத்தைக் கற்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதிக்குள் நுழையும் இணைப்புகளில், சத்தமும் ஆபத்தும் ஒரே நேரத்தில் சந்தித்தன. அந்த நேரத்தில் உடலில் அட்ரினலினும் மூளையில் நொரட்ரினலினும் பெருகுகின்றன. நொரட்ரினலின், "இதைப் பத்திரப்படுத்து" என்று இணைப்புகளுக்குச் சொல்லும் கட்டளை போன்றது. அது இருந்தால் வலுவூட்டலுக்கான வாசல் தாழ்ந்துவிடும். லறி கஹிலும் ஜேம்ஸ் மக்கோவும் 1994இல் இதை மனிதர்களில் காட்டினார்கள். மனதை உலுக்கும் ஒரு கதையைச் சிலருக்குப் படங்களோடு சொன்னார்கள். அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலோல் மாத்திரையை முன்கூட்டி எடுத்தவர்களுக்கு, கதையின் உலுக்கும் பகுதி மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாக நினைவில் நிற்கவில்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்கு நின்றது.

இறுதி யுத்தத்தில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்தவர்களுக்கு அந்தப் பாடம் ஒருநாளில் முடியவில்லை. மாதக்கணக்கில், இடைவெளி விட்டு, ஒவ்வொரு தடவையும் உயிர்ப்பயத்தோடு அது மீண்டும் மீண்டும் நடந்தது. பிள்ளையின் பாடத்துக்கு இல்லாத எல்லா நிபந்தனைகளும் தாயின் பாடத்துக்கு இருந்தன. கலியாண வீட்டில் படம் பிடிக்க மேலே எழும்பும் ட்ரோனின் சத்தத்தில் ஒருவர் சட்டென்று எழுந்து வெளியே போனால், அவருடைய மூளை தன் வேலையைச் செம்மையாகச் செய்திருக்கிறது என்றுதான் பொருள். அவர் பலவீனமானவர் என்று நினைப்பது அநியாயம்.

அப்படியானால் அழிக்க முடியாதா? பயத்தை ஏற்படுத்திய ஒலியை ஆபத்து எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் பயம் குறைகிறது. பாவ்லோவ் காலத்திலிருந்து தெரிந்த இது, பழைய நினைவை அழிப்பதில்லை. "இப்போது இந்தச் சத்தம் ஆபத்தில்லை" என்ற புதிய நினைவு அதற்குப் பக்கத்தில் உருவாகி, மூளையின் முன்பகுதியின் உதவியோடு பழையதை அடக்கி வைக்கிறது. புதிய நினைவு அது உருவான இடத்தோடும் சூழலோடும் ஒட்டிக்கொண்டிருப்பதால், இடம் மாறினால் பழைய பயம் திரும்பலாம். கனடாவில் பத்து வருடம் நிம்மதியாக இருந்தவர் ஊருக்கு வந்து புதுக்குடியிருப்பு வீதியில் இறங்கியதும் நெஞ்சு படபடப்பது இதனால்தான்.

2014இல் ரொபேர்ட்டோ மலினோவின் குழு, எலிகளின் அமிக்டலாவுக்குள் வரும் ஒலிப்பாதையை ஒளியால் இயக்கி ஒரு பயநினைவை உருவாக்கியது. பிறகு அதே இணைப்புகளை மெலியச்செய்யும் தூண்டலைக் கொடுத்தபோது பயம் மறைந்தது. பலப்படுத்தும் தூண்டலைக் கொடுத்தபோது திரும்பி வந்தது. நினைவு இந்த இணைப்புகளில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் அறியேன். ஆனால் மனித மூளைக்குள் ஒளியைச் செலுத்தி ஒரு தாயின் 2009ஐ அணைக்க முடியாது. நானாக இருந்தால் அணைக்கவும் விரும்பமாட்டேன். அதற்குள் அவர் இழந்த பிள்ளையின் முகமும் இருக்கிறது.

கரீம் நாடரும் ஜோசப் லெடூவும் 2000இல் வெளியிட்ட இன்னொரு கண்டுபிடிப்பையும் சொல்லவேண்டும். உறுதியாகிவிட்ட பயநினைவை எலிக்கு ஞாபகப்படுத்திய உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுத்தால், அந்த நினைவு பலவீனமடைந்தது. மீட்கப்படும் நினைவு சிறிது நேரம் இளகி, மறுபடி உறுதியாக வேண்டியிருக்கிறது. இதிலிருந்து இரண்டு விடயங்கள் பிறக்கின்றன. மீட்டும் ஒவ்வொரு தடவையும் நினைவு கொஞ்சம் மாறக்கூடும். எந்த நாள், எத்தனை மணி, யார் முன்னால் ஓடினார் என்ற விவரங்கள் குழம்பலாம். இதைக் காரணம் காட்டிச் சாட்சிகள் சொன்னதே நடக்கவில்லை என்று வாதிப்பது விஞ்ஞானம் ஆகாது. விவரம் தடுமாறுவது பேரச்சத்தின் வழமையான விளைவு. மற்றது நம்பிக்கை தரும் பக்கம்: பாதுகாப்பான சூழலில், கவனமாகக் கேட்கும் ஒருவரின் முன்னால் மீட்கப்படும் நினைவு, பயத்தின் கடுமை குறைந்து மறுபடி உறுதியாக இடமுண்டு.

இதைச் சிகிச்சையாக்கியவர்களில் ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகக் குழுவும் ஒன்று. ஒரு கயிற்றை நிலத்தில் விரித்து அதை ஒருவரின் வாழ்க்கையாகக் கொள்கிறார்கள். நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் கொடிய நிகழ்வுகளுக்குக் கல்லும் கயிற்றின் மேல் வைக்கப்படுகின்றன. பிறகு பிறந்த நாளிலிருந்து இன்றுவரை வரிசையாகக் கதையாகச் சொல்லவைக்கிறார்கள். இடமும் காலமும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்த பயத்துக்கு ஒரு திகதியும் ஓர் ஊரும் கிடைக்கின்றன. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், யுத்தத்தையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளிடம் இந்த முறையை உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்குக் கதைசொல்லும் முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், இரண்டிலும் ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தின் பின்னர் முதற்குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் எங்கள் மொழியில், எங்கள் பிள்ளைகளோடு நடந்தது.

அந்த 71 வீதத்தை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். கதையைச் சொல்லவைப்பது ஒன்றே வழி என்று நினைத்து ஒருவரை வற்புறுத்தத் தேவையில்லை. சம்பவம் நடந்த கையோடு ஒரேயொரு அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது பயன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்திருக்கிறது. பேச விரும்புபவருக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும், பல அமர்வுகள் வேண்டும். பேச விரும்பாதவருக்கு மூச்சுப் பயிற்சியும் ஒழுங்கான நித்திரையும் முதற்படியாகலாம். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்குப் போவதற்கோ 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைப்பதற்கோ "விசர்" என்ற பட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. வண்டின் சத்தத்துக்கு இன்றும் வேர்க்கிறவரிடம் இதைச் சொல்லும்போது, அவருடைய மூளையில் எது பழுது என்று தொடங்காமல், அது எதைக் கற்றது என்று தொடங்குங்கள்.